வனவிலங்கு ஒளிப்படமும் கண்மட்டமும்

விலங்கின் ஒளிப்படமொன்றைக் காணும்போது நம்மவர் வாயில் முதலில் எழுவது, "எவ்வளவு கிட்டப் போய் எடுத்திருக்கிறார்!" என்னும் வியப்புரையே. செய்யுளொன்றைப் படித்தவன், இதனை இயற்றப் புலவன் எத்தனை இரவு விழித்தானோ என்று மட்டும் பாராட்டி அமைவதை ஒக்கும் இது. படைத்தவனின் துணிவு வேறு. படைப்பின் தரம் வேறு. இத்துறையில் இன்று பெரிதும் போற்றப்படுவது கண்மட்டம் என்னும் நெறி. கமராவை விலங்கின் கண்ணுக்கு நேராக வைத்து எடுத்தலே அது. மேலிருந்து நோக்கின் விலங்கு சிறுமையுறும். கீழிருந்து நோக்கின் பூதாகாரமாகும். ஒத்த மட்டத்தில் நோக்குங்காலே அதன் உலகினுள் நாம் புகுகின்றோம் என்பர். நெறி நன்று. அதனை அடையும் வழி பற்றியே இங்கு வழக்கு.

இந்நெறிக்குச் சான்றாகப் பலரும் காட்டுவது அலாஸ்காக் கரடிகளின் மீன்வேட்டையை. கற்மாய் தேசியப் பூங்காவிலுள்ள புறூக்ஸ் அருவி ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரமே உடையது. யூலை மாதத்தில், முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிவரும் சால்மன் மீன்கள் அதனைத் தாண்டத் துள்ளுகின்றன. கரடிகள் அருவியின் விளிம்பில் நின்று வாயாலேயே அவற்றைக் கவ்வுகின்றன. 1988இல் தோமஸ் மாங்கெல்சன் அங்கு எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. மீன் அந்தரத்தில் நிற்கிறது; கரடியின் வாய் திறந்திருக்கிறது; இடையில் எஞ்சியிருப்பது ஒரு கணம். சுருளைக் கழுவிப் பார்த்த பின்னரே தமக்குக் கிட்டியது இன்னதென அவர் அறிந்தார். இப்படத்தின் சிறப்பு பல்லிலும் நீர்த்துளியிலும் இல்லை என்பேன். அக்கரடி நம்மைப் பாராதிருக்கிறது. அதன் கண்ணும் கருத்தும் மீனில் உள்ளன. தன் தொழிலை விட்டு நம்மை முறைக்கும் விலங்கின் படம் விலங்கைப் பற்றியதன்று. நாம் அங்குச் சென்றதைப் பற்றியது.

இனிச் சிறிது கணிதம் வேண்டும், வாசகர் பொறுப்பாராக. கரடியின் கண்ணினும் ஒன்றரை மீற்றர் உயரத்தில் கமரா உள்ளதெனக் கொள்வோம். 8 மீற்றர் தொலைவில் நின்று எடுப்பின் பார்வை ஏறத்தாழ 11 பாகை கீழ்நோக்கிச் சாயும். முதுகே பெரிதாகத் தெரியும். 40 மீற்றருக்கு விலகித் தொலைவில்லையைப் பூட்டினால் சாய்வு 2 பாகையளவாய்ச் சுருங்கும்; முகம் நேரே வந்து நிற்கும். எனவே நெருங்க நெருங்கக் கண்மட்டம் கைகூடும் என்பது பொதுவிதியாகாது. படுத்து எடுக்க இயலாத இடத்தில், விலகுதலே அதனைத் தருவது. அலாஸ்காவின் மக்னீல் ஆற்றுச் சரணாலயத்திற் கரடிகள் மனிதருக்கு மிக அருகில் வருவதுண்டே என்று ஒருவர் தடை எழுப்பலாம். உண்மை. அங்கே சீட்டிழுப்பில் தெரிவான பத்துப்பேர் மட்டுமே ஒருநாளில் அனுமதிக்கப்படுவர். குறித்த இடத்தை விட்டு அவர்கள் அசைவதில்லை. நெருங்குவது கரடி, மனிதனன்று.

நமக்கு அண்மையிலுள்ள கரடி, ஊவாவின் மொனறாகலை மாவட்டத்திலும் அம்பாந்தோட்டையிலும் பரந்து கிடக்கும் யாலக் காட்டிற்குரியது. அது மீன் பிடிப்பதில்லை. கறையானும் கனியும் உண்பது. அகநானூற்றிலும் நற்றிணையிலும் எண்கு என வழங்கப்படுவது இவ்வினமே. புற்றை அகழ்ந்து குரும்பி தின்பதாகவும் இருப்பைப் பூவை நாடுவதாகவும் புலவர் அதனைக் காட்டுவர். அவர்கள் எவரும் கரடியைத் தம்பக்கம் திரும்பச் செய்து பாடினாரல்லர். யாலவில், குறித்த சில இடங்களிலன்றி, ஜீப்பை விட்டு இறங்குதல் விலக்கப்பட்டுள்ளது. ஆகவே கமரா என்றும் உயரத்திலேயே நிற்கும். ஆயினும் மே முதல் யூலை வரை பாலை பழுக்குங்காலத்தில் ஓர் அரிய வாய்ப்புண்டு. கரடி பழத்துக்காக மரமேறுகிறது; கவட்டில் அமர்ந்து உண்ணும்போது தானே ஜீப்பின் மட்டத்துக்கு உயர்ந்துவிடுகிறது. அவ்வேளையில் வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மரத்தடியை வளைத்துக்கொள்வது ஒளிப்படக்கலையின் அறியாமை என்றே கூறவேண்டும். அடியில் நின்றால் தெரிவது கரடியின் வயிறு.

பதுளையிலுள்ளார்க்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. நகரின் புனித மாற்கு தேவாலயம் மேஜர் தோமஸ் றோஜர்ஸ் நினைவாக எழுந்தது. இங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த அவர் 1400 யானைகளுக்குமேற் சுட்டார் என்பது வழிவழி வரும் கணக்கு. 1845இல் அப்புத்தளையில் இடி தாக்கி மாண்டார். யானையை அவர் நோக்கியதும் நேருக்கு நேராகவே. நெற்றியைக் குறிவைப்பவனுக்கு அந்நோக்கு இன்றியமையாதது. ஆதலின் நேர்நோக்கு ஒன்றே அன்புக்குச் சான்றாகிவிடாது.

2019இல் மத்திய மலைநாட்டில் வனசீவராசிகள் திணைக்களத்தின் தானியங்கிக் கமராவொன்றிற் கருஞ்சிறுத்தை பதிவாயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றிற் கருஞ்சிறுத்தையொன்று கம்பிக் கண்ணியிற் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும் 29ஆம் நாள் இறந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். முன்னையதிற் கமராவின் பின்னே ஆளில்லை. விலங்கு தன்வழியே போகிறது. பின்னையதில் நம்மை நேரே நோக்கும் விழி உண்டு. அகன்றுபோக இயலாமையால் வந்த நோக்கு அது. அதனைச் சாட்சியாகக் கொள்வோம், அழகென்று கொள்ளற்க.

பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கண்ணியே சிறுத்தையையும் பிடிக்கிறது. கொழுந்து பறிப்போரும் லயத்து மக்களும் விரும்பாமலே சிறுத்தையை நேரிற் காண்பவர்கள். நாயைத் தேடி அது வீட்டு வாசல்வரை வருவதுண்டு. பரிசுக்கு அனுப்பப்படும் படங்களில் இம்மக்களைக் காணோம். காட்டழகு கெடுமென்று சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். ஊவாவின் மலையமைப்போ ஒளிப்படக்காரனுக்கு வாய்ப்பானது. பள்ளத்தாக்குக்கு இப்பால், எதிர்ச்சரிவில் நின்றால், அப்பால் தேயிலை நிரைகளினூடே நடக்கும் சிறுத்தை படுக்காமலும் நெருங்காமலும் கண்மட்டத்தில் அமையும். அதே சட்டத்துள், சற்று மேலே, கூடை சுமந்து நிற்கும் பெண்களும் அடங்குவர்.