சாய்க்காமல் சாய்க்கக் கற்பது

அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பு ஆட்டக்காரனின் வேலை கடைசியில் ஒன்றுதான். பந்தோடு ஓடி வருகிறவனைப் பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். முன்வரிசையில் ஏழு பேரை நிறுத்துவதா எட்டுப் பேரையா, பின்னால் நிற்பவர்கள் ஆளைக் காப்பதா இடத்தைக் காப்பதா என்று பயிற்சியாளர்கள் விடிய விடிய உட்கார்ந்து போடும் கணக்கெல்லாம், சரியான ஆளைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான். அங்கே பிடி நழுவினால் அத்தனை கணக்கும் வீண். டேக்கிள் என்று சொல்லப்படும் அந்தப் பிடியைப் பழக, தலைமுறை தலைமுறையாக ஒரே வழிதான் இருந்தது: வாரம் முழுக்கச் சொந்த அணிக்காரனையே மோதிச் சாய்ப்பது.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹனோவர் என்ற சிற்றூரில் இருக்கிறது டார்ட்மத் கல்லூரி. அதன் பயிற்சியாளர் பட்டி டீவென்ஸ் 2010இல் அந்த வழியை அடைத்தார். பயிற்சியில் இனி எவரும் எவரையும் சாய்க்கக் கூடாது என்றார். அப்போது அவர் வெற்றிக்களிப்பில் இருந்தவர் அல்லர். 2008இல் அவருடைய அணி ஆடிய 10 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. அடுத்த ஆண்டு இரண்டே வெற்றி. அப்படித் தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்சியாளர் பொதுவாகப் பிள்ளைகளை இன்னும் கடுமையாக மோதவிடுவார். ‘உங்களுக்கு நெஞ்சுரம் போதவில்லை’ என்பார். டீவென்ஸ் நேர் எதிராகப் போனார். அந்தத் துணிச்சலுக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் இந்த முறை எதைச் சாதித்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்று பார்ப்பதற்கு மதிப்பு தடையாக இருக்கக் கூடாது.

முதலில் அது சாதித்தது. ஆளை ஆள் மோதும் பயிற்சியில், கற்றுத்தருவதற்கே நேரம் இல்லை. இருவர் மோதுகிறார்கள், ஒருவர் விழுகிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, அடுத்த இருவர் வருகிறார்கள். கால் எங்கே இருந்தது, கண் எதைப் பார்த்தது என்று யாரும் கேட்பதில்லை. மோதலை எடுத்துவிட்டபோது டார்ட்மத்தில் கேட்க வேண்டியதாயிற்று. ஓடுபவனின் எந்த இடுப்பை நோக்கி ஓட வேண்டும்? எத்தனை தப்படி இருக்கும்போது வேகத்தைக் குறைத்து முழங்காலை மடக்க வேண்டும்? எந்தக் கால் முன்னால் ஊன்றுகிறதோ அதே பக்கத்துத் தோள்தான் முதலில் பட வேண்டும். பட்டபின் இரு கைகளும் தொடைகளைச் சுற்றி இறுக்க வேண்டும், கால்கள் நிற்காமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். சடுகுடுவில் தொடைப்பிடி போடத் தெரிந்தவருக்கு இதில் பாதி உடனே புரியும். ஒவ்வொரு கூறையும் தனித்தனியாகப் பிரித்து, மெத்தைகளிலும் பஞ்சுப் பொம்மைகளிலும் நூற்றுக்கணக்கான முறை பழகினார்கள்.

அந்தப் பொம்மைகள் நின்ற இடத்திலேயே நிற்பவை என்பது பெருங்குறை. கல்லூரியின் தேயர் பொறியியல் பள்ளி அதைத் தீர்க்க முனைந்தது. ஆள் உயரத்தில் ஒரு நுரைப்பஞ்சு உருளை, அடியில் மோட்டாரும் சக்கரங்களும், ஓரத்தில் ரிமோட்டோடு ஒருவர். உருளை நல்ல ஓட்டக்காரனின் வேகத்தில் ஓடும், சட்டென்று திசை மாறும், சாய்த்தால் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி தானே எழுந்து நிற்கும். 2015இல் டார்ட்மத் அதைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே தொழில்முறை அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் பயன்படுத்தியது.

இதில் உயிரைக் காக்கும் அம்சம் ஒன்று உண்டு. மனிதக் கழுத்து இயல்பாகச் சற்று வளைந்திருக்கிறது. அந்த வளைவுதான் அடியை வாங்கிப் பரப்புகிறது. தலையைக் குனிந்துகொண்டு மோதினால் கழுத்தெலும்புகள் கம்பு மாதிரி ஒரே கோட்டில் நின்றுவிடும். உச்சந்தலையில் விழும் அடி நேராக எலும்புக்குப் போகும், பின்னால் வரும் உடம்பின் எடை மறுபக்கத்திலிருந்து நெருக்கும். தலையால் குத்துவதை 1976இல் கல்லூரி, பள்ளி ஆட்டங்களில் தடை செய்ததற்குக் காரணம் இதுதான். ஜோசஃப் டோர்க் என்ற மருத்துவர் திரட்டிய கணக்கின்படி 1976 பருவத்தில் 34 பேர் கழுத்து முறிந்து நிரந்தரமாகக் கைகால் முடங்கினார்கள். 1984இல் அது 5 ஆகக் குறைந்தது. விதி வந்ததும் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பதை மாற்றினார்கள் என்பதும் அந்தக் குறைவுக்குள் இருக்கிறது. தலையை ஒதுக்கித் தோளால் பிடிப்பதை உடம்பின் பழக்கமாகவே ஆக்கியது, டீவென்ஸ் அந்த வழியில் எடுத்துவைத்த அடுத்த அடி.

வெற்றியும் வந்தது. 2010இல் ஆறு ஆட்டங்களை வென்றார்கள். 2015இல் ஒன்பது வெற்றி, டார்ட்மத் ஆடும் ஐவி லீக்கின் பட்டத்தில் பங்கு. 2019இலும் 2021இலும் அப்படியே. 2016இல் லீக்கின் எட்டுப் பயிற்சியாளர்களும் கூடி, பருவகாலப் பயிற்சியில் ஆளைச் சாய்ப்பதை லீக் முழுவதும் நிறுத்துவது என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள்.

இந்த வெற்றிகளைச் சான்றாகக் காட்டுபவர்களோடு நான் கொஞ்சம் முரண்படுகிறேன். பயிற்சியில் அடிபடாத அணி நவம்பரிலும் முழு பலத்தோடு நிற்கும். பத்தே ஆட்டங்கள் உள்ள பருவத்தில் அது பெரிய ஆதாயம். ஆகவே டார்ட்மத் நன்றாகப் பிடித்ததால் வென்றதா, நலமாக இருந்ததால் வென்றதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 2016க்குப் பிறகு லீக்கில் எல்லாருக்கும் அதே விதி என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆளில்லை.

அடுத்த சிக்கல் தலை எங்கே போவது என்பது. பழைய பள்ளியில், தலையை ஓடுபவனுக்கு முன்னால் குறுக்கே போடச் சொன்னார்கள். உடம்பே தடுப்புச் சுவராகும், ஓடுபவன் அங்கேயே நிற்பான். கழுத்துக்கு அது ஆபத்து. புதிய பள்ளியில் தலை பின்பக்கம் போகும். ரக்பியிலிருந்து எடுத்த இந்தப் பிடியைச் சியாட்டில் சீஹாக்ஸ் அணி 2014இல் ஒரு காணொளியாகவே வெளியிட்டுப் பள்ளிப் பயிற்சியாளர்கள்வரை கொண்டு சேர்த்தது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும்: தோள் தொடையில் பதிகிறது, கைகள் பூட்டிக்கொள்கின்றன, இருவரும் உருள்கிறார்கள், ஓடுபவன் முன்பக்கமாகவே விழுகிறான். ரக்பியில் ஒரு கெஜம் போனால் போகட்டும் என்று விடலாம். இங்கே நான்கு முயற்சியில் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும் என்பது ஆட்டத்தின் அடிப்படை. மூன்றாம் முயற்சியில், ஒரு கெஜம் பாக்கி இருக்கும்போது, முன்னால் விழவிடும் பிடி தோற்ற பிடிதான். அந்த இடத்துக்கு வேறொரு பிடி வேண்டும், அதைப் பழக எதிரே தள்ளுகிற மனிதன் வேண்டும். பொம்மை கையால் தள்ளிவிடாது, கடைசி நொடியில் சுழன்று நழுவாது. பந்து வைத்திருப்பவனுக்கும் நஷ்டம் உண்டு. பிடிபட்டு விழும்போது பந்தை விடாமல் விழுவதும் ஒரு கலை.

முன்வரிசைத் தடியர்களை இந்தச் சீர்திருத்தம் ஏறக்குறைய தொடவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய வேலையில் ஆளைச் சாய்ப்பது சிறு பங்குதான். ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் எதிரே இருப்பவனோடு முட்டிக்கொள்கிறார்கள்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். என்னை உண்மையில் உறுத்துவது ஸ்பெஷல் டீம்ஸ். பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்கும் தருணங்களில் இறங்கும் தனிப்படைகள் அவை. ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்காஃபில் உதைத்த அணியின் பத்துப் பேர் நாற்பது ஐம்பது கெஜம் தலைதெறிக்க ஓடுவார்கள். எதிரே தடுக்க வருபவர்களும் ஓடி வருவார்கள். பக்கவாட்டிலிருந்து ஒருவன் இடிப்பான். அவனைக் கழற்றிவிட்டு, தன் பாதையை விடாமல், அகன்ற வெட்டவெளியில் முழு வேகத்தில் வருகிறவனைப் பிடிக்க வேண்டும். ஆட்டத்திலேயே கடினமான டேக்கிள் இதுதான். இதற்கு இறங்குபவர்களோ பெரும்பாலும் இரண்டாம் வரிசைக்காரர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், முன்வரிசையிலிருந்து இரவல் வந்தவர்கள். பயிற்சியில் பொம்மையைப் பிடிக்கும் முறை முதலில் யாருக்கு வருகிறது? முதல் வரிசைக்காரனுக்கு. மிகக் குறைவாகப் பழகியவனிடம் மிகக் கடினமான பிடியை ஒப்படைப்பது அநேகமாக எல்லா அணிகளிலும் உள்ள வழக்கம். இது தவறு என்று நான் திடமாக நினைக்கிறேன்.

2010 அக்டோபர் 16 அன்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் லெக்ராண்ட், ராணுவக் கல்லூரி அணிக்கு எதிராக ஒரு கிக்காஃபில் ஓடினார். அவர் முன்வரிசைத் தற்காப்பு வீரர், கனத்த உடம்பு. பந்தோடு வந்தவரை மோதும்போது தலை தாழ்ந்தது. கழுத்தெலும்பு முறிந்து, அந்த நொடியிலிருந்து கழுத்துக்குக் கீழே முடங்கிப்போனார். தலையை நிமிர்த்து என்று யாரும் அவருக்குச் சொல்லித்தராமல் இல்லை. அத்தனை கெஜம் ஓடிவந்த வேகத்தில், கற்றதை உடம்பு நினைவுகூர நேரம் கிடைப்பதில்லை.

இங்கேதான் கற்பித்தலின் எல்லை தெரிகிறது. 2015இல் ஐவி லீக் ஆட்டங்களில் கிக்காஃபின் பங்கு 6 சதவீதம்தான், மூளை அதிர்ச்சிகளில் அதன் பங்கோ 21 சதவீதம். 2016இல் லீக் உதைக்கும் இடத்தை 35ஆம் கெஜக் கோட்டிலிருந்து 40க்கு நகர்த்தியது. பந்து நேராக எதிரணியின் எல்லைக்குள் போய் விழுந்ததால் எடுத்து ஓடுவதே குறைந்தது. ஆயிரம் கிக்காஃபுக்கு ஏறக்குறைய 11 ஆக இருந்த மூளை அதிர்ச்சி 2 ஆயிற்று. எட்டு அணிகளின் பயிற்சியாளர்களும் சேர்ந்து எத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்தாலும் செய்திருக்க முடியாததை, ஐந்து கெஜம் தள்ளிப் போட்ட ஒரு கோடு செய்தது.

தொழில்முறை அணிகளின் தேசியக் கால்பந்து லீக் 2024இல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. உதைப்பவர் மட்டும் தூரத்தில். மற்றப் பத்துப் பேரும் எதிரணிப் பக்கத்தில் 40ஆம் கோட்டில் நிற்பார்கள். தடுப்பவர்கள் 35இல் தொடங்கி நிற்பார்கள். நடுவே 5 கெஜம். பந்து தரையிலோ கையிலோ படும்வரை இந்த இரு வரிசையிலும் எவரும் அசையக் கூடாது. 2023இல் ஐந்தில் ஒரு கிக்காஃப்தான் எடுத்து ஓடப்பட்டது. மறு ஆண்டு மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தது. ஆட்டம் அழியவில்லை, ஓடிவந்து மோதும் தூரம்தான் போயிற்று. இந்த மாற்றத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: கிக்காஃப் இப்போது சாதாரணத் தற்காப்பு ஆட்டத்தின் தூரத்துக்கு வந்துவிட்டது. டீவென்ஸ் கற்றுத்தந்த காலடியும் தோளும் வேலை செய்யும் தூரம் அதுதான்.

டீவென்ஸ் இதைப் பார்க்க இல்லை. சைக்கிளில் போகும்போது நேர்ந்த விபத்தின் காயங்களால் 2023 செப்டம்பரில் இறந்தார். டார்ட்மத் ஆடும் கல்லூரி ஆட்டத்தில் பழைய கிக்காஃபே தொடர்ந்தது. மறு ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்ட அந்த மைதானத்திலும் சனிக்கிழமைகளில் பத்து இளைஞர்கள் வரிசையாக நின்று, பந்து உதைபட்டதும், பொம்மையோடு ஒருநாளும் பழகியிராத அந்த நாற்பது கெஜத்தை ஓடினார்கள்.