திரைச்சீலை தரையைத் தொடும் இடம்

செபியா அடித்துவிட்டால் பழைய படம் ஆகிவிடும் என்று நம்புகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. முட்டை வெண்கருத் தாளில் அச்சான கேபினட் கார்டு என்ற அந்தக் காலத்து அட்டைப் படம், ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்த நாளில் கத்தரிப்பூ நிறம் கலந்த பழுப்பாக இருந்தது. தங்க உப்புக் கரைசலில் முக்கியதால் வந்த நிறம் அது. மஞ்சள் காலப்போக்கில் வருவது. அதுவும் முதலில் வெளிச்சம் விழுந்த இடங்களில், கன்னத்திலும் வெள்ளைக் காலரிலும்தான் தெரியும். வித்தியாசமான உடல் உள்ளவர்களையும் வித்தைக்காரர்களையும் மேடையேற்றிய பழைய சைடுஷோக்களின் பாணியில் ஏஐயில் உருவப்படம் செய்கிறவர்கள் பெரும்பாலும் படம் முழுக்க ஒரே டிகாஷனை ஊற்றிவிடுகிறார்கள்.

சரி, நிறத்தைக்கூட மன்னிக்கலாம். மூட்டத்தை எப்படி மன்னிப்பது? டாட் பிரௌனிங்கின் 1932ஆம் ஆண்டுப் படமான ‘ஃப்ரீக்ஸ்’ காட்டிய மழையும் சேறும், 2014இல் தொலைக்காட்சியில் வந்த ‘அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி’யின் சைடுஷோ பருவமும் சேர்ந்து இந்த வகைப் படங்களையே இருட்டுக்குள் தள்ளிவிட்டன. தாடி வைத்த பெண் என்றால் பின்னால் பனி. வாள் விழுங்குபவர் என்றால் காலடியில் புகை. எல்லார் கண்ணிலும் ஏதோ ஒரு சாபம். இந்த ருசி உள்ள நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் படங்களைக் காட்டும்போது மரியாதைக்குத் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

சைடுஷோ உருவப்படத்தின் சொந்த ஊர் நியூயார்க்கின் பவரி தெரு. அங்கே 229ஆம் எண்ணில் சார்ல்ஸ் ஐசன்மன் ஸ்டுடியோ வைத்திருந்த 1880களில், அவர் கேமரா முன் வந்து நின்றவர்கள் யாரையும் பயமுறுத்த வரவில்லை. மேடையிலிருந்து கூட்டத்திடம் விற்க அட்டை வேண்டும்; சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற காசு அது. அதற்காக, இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். முகத்தில் கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் மிடுக்கு. அந்தச் சலிப்பைப் பிடித்த ஏஐ படம் எங்கே இருந்தாலும் தேடிப் போய்ப் பார்ப்பேன். அப்படிப்பட்டவை அபூர்வம்.

ஒரு படம் தேறுமா தேறாதா என்று பார்க்க நான் முகத்துக்குப் போவதே இல்லை. நேரே கீழே இறங்கி, வரைந்த திரைச்சீலை தரையைத் தொடும் இடத்தைப் பார்ப்பேன். ஐசன்மனின் திரையில் காடு உண்டு, மாளிகைத் தூண் உண்டு, மேகம் உண்டு. எல்லாம் தூரிகை வேலை என்று மறைக்காமல் சொல்லும் காடும் மேகமும். அதன் அடியில் வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்பியிருக்கும். பக்கத்தில் ஒரு பொய்ப் பாறை. வைக்கோல் சரியாக மூடாத இடத்தில் காடு முடிந்து தரை தொடங்குவது பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்து ஸ்டுடியோ படங்களில் சில சமயம், நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னால் தலையை அசையாமல் பிடிக்கும் தலைதாங்கிக் கம்பியின் இரும்புப் பாதமும் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டால் எனக்கு அன்றைக்கு விருந்துதான். காடு பொய், முன்னால் நிற்பவர் நிஜம் என்பதைத் திரை தரையைத் தொடும் அந்த ஒரு கோடு சொல்லிவிடுகிறது. ஏஐ இங்கேதான் வழுக்குகிறது. திரைக்காடு கேட்டால் நிஜக்காட்டைக் கொண்டுவந்து நட்டு, அதையும் இந்தக் காலத்து லென்ஸ் மாதிரி மங்கலாக்கிக் கொடுக்கிறது. சினிமா ஸ்டில்லாக அது நன்றாக இருக்கலாம். கேபினட் கார்டாக அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்குப் பிடித்தவர் ஆன் லீக் தாம்சன். ஜார்ஜியா மாநிலத்துக்காரர், கைகள் இல்லாமல் பிறந்தவர். 1884இல் ஐசன்மன் அவரைக் கணவரோடும் மகனோடும் வைத்து எடுத்த அட்டையைப் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. புதுமை என்று அதில் எதுவும் தனியாகத் தூக்கிக் காட்டப்படவில்லை. ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொள்கிறது. அம்மாவுக்குக் கை இல்லை, அவ்வளவே. தான் விற்ற அட்டைகளின் பின்புறத்தில் கால்விரல்களில் பேனா பிடித்துக் கையெழுத்தும் ஒரு நல்வாக்கும் எழுதிக் கொடுப்பார். எழுத்தும் சுத்தமான எழுத்து.

ஏஐயிடம் இப்படி ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். கையைக் கொடுத்துவிடும். சால்வைக்குள் ஒன்று, மடியில் ஒன்று. கற்றுக்கொண்ட கோடிக்கணக்கான படங்களில் மனிதர் என்றாலே இரண்டு கை. இல்லாமையை அதனால் எளிதில் வரைய முடிவதில்லை. கூட்டச் சொன்னால் சளைக்காது: கொம்பு, இறகு, மூன்றாவது கண், கழுத்தில் பாம்பு. கற்பனை சைடுஷோ படங்களில் இத்தனை கொம்பும் செதிலும் இருப்பதற்குக் காரணம், செய்கிறவர்களின் கற்பனை வளம் மட்டும் அல்ல. எளிதாக வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். கணவன், மனைவி, பையன், நடுவில் ஒரு இல்லாமை என்று ஒருவர் சரியாகச் செய்து காட்டினால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

அசல் அட்டை சேர்க்கும் நண்பர் ஒருவர் இந்தப் பேச்சையே கேட்க மாட்டார். வாழ்ந்தவர்களின் முகம் இத்தனை இருக்க, இல்லாதவர்களுக்கு எதற்குப் படம் என்பார். பின்புறமே இல்லாத படம் அட்டையா என்றும் கேட்பார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் கேள்விக்கு உண்டு. சைடுஷோவில் கற்பனை எப்போது இல்லாமல் இருந்தது? 1842இல் காட்சி வியாபாரி பார்னம் மேடை ஏற்றியபோது குள்ளச் சிறுவன் டாம் தம்புக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. விளம்பரத்தில் 11 என்று போட்டார்கள். துருக்கி அந்தப்புரத்திலிருந்து மீட்கப்பட்ட சர்க்காசிய அழகிகள் என்று கூந்தலைப் புதர் மாதிரி விரித்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள்தான். கூந்தலை அப்படி நிறுத்த பீரில் அலசினார்கள் என்று சொல்வார்கள். ஐசன்மன் அந்தக் கதைகளையும் அதே வைக்கோல் மேல் உட்காரவைத்துத்தான் எடுத்தார்.

ஏஐ படங்களின் தரம் விழுந்ததைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. படம் செய்யும் ஏஐ கருவியான மிட்ஜர்னியின் நான்காம் பதிப்பு 2022 நவம்பரில் வந்தபோது விரல்கள் குழம்பின, அட்டையின் அடியில் தங்க எழுத்தில் வரவேண்டிய ஸ்டுடியோ பெயர் புரியாத கிறுக்கலாக வந்தது. ஆனாலும் துணிக்குக் கனம் இருந்தது, முகங்களில் கோணல் இருந்தது. அடுத்த மார்ச்சில் ஐந்தாம் பதிப்பு விரல்களை ஓரளவு திருத்தியது. கூடவே எல்லார் கன்னத்தையும் இழைத்துவிட்டது. இப்போது எழுபது வயதுப் பாம்பாட்டிக் கிழவிகூட முகப்பூச்சு விளம்பரத்துக்கு வந்தவள் போல் நிற்கிறாள். 2023 ஏப்ரலில் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், ஏஐயில் செய்த தன் படத்துக்குக் கிடைத்த சோனி உலகப் புகைப்பட விருதை வேண்டாம் என்று மறுத்தார். புகைப்படமும் இதுவும் ஒரே பந்தயத்தில் ஓடக்கூடாது என்பது அவர் வாதம், எனக்கும் சம்மதம். ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள் அந்த வாதத்தை விட்டுவிட்டு, அவர் படத்தின் பழங்காலப் பூச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, ‘1890இல் எடுத்தது’ என்று பொய்க் குறிப்போடு உலவவிடுகிறவர்கள் வேறு. பார்னமுக்கு அது பிழைப்பு. இவர்களுக்கு என்ன அவசரம் என்று தெரியவில்லை.

ஐசன்மன் அட்டைகளின் பெரிய தொகுப்பொன்று சிராகியூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, பெக்கர் தொகுப்பு என்ற பெயரில். இணையத்திலும் பார்க்கலாம். ஏஐக்குப் படக் குறிப்பு, அதாவது பிராம்ப்ட், எழுத உட்காருகிறவர்கள் ஒரு சாயங்காலத்தை அதற்கு ஒதுக்கிவிட்டு வாருங்கள். முதலில் பனியையும் புகையையும் பிராம்ப்டிலிருந்து நீங்களே எடுத்துவிடுவீர்கள்.