தாலியோடு வரும் தலைமை

தென்னிந்தியத் திருச்சபையில் ஒருவர் பேராயராக அபிஷேகம் பெறும் நாளிலேயே அவர் மனைவிக்கும் ஒரு பதவி வந்துவிடுகிறது. பெரும்பாலான திருமண்டலங்களில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி பேராயரம்மாதான். சபைகள் சில சேர்ந்த சேகரத்தில் அந்த நாற்காலி குருவானவரின் மனைவியான ஐயரம்மாவுக்கு. இருவருக்கும் யாரும் ஓட்டுப் போடுவதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு அநேகமாக வழியில்லை.

1947-இல் சபைகள் ஒன்றிணைந்தபோது முளைத்த வழக்கமல்ல இது. மிஷனரி மனைவியர் காலத்திலேயே இதற்கு வேர் உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குக் கல்வியும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அதே வேலையைச் செய்தார். குருத்துவம் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த காலத்தில் பெண்கள் கூடுவதற்குக் குருவானவரின் வீடு இடம் தந்தது. எத்தனையோ பேர் முதன்முதலாக நாலுபேர் முன் எழுந்து ஜெபிக்கவும் கணக்கு வாசிக்கவும் பழகியது இந்தச் சங்கத்தில்தான்.

திருமண்டலத் தேர்தலின் லட்சணம் நமக்குத் தெரியும்: அணிகள், வழக்குகள், ஓய்வுபெற்ற நீதிபதி நிர்வாகியாக வந்து அமரும் நிலை. போட்டியே இல்லாததால் பெண்கள் சங்கம் அந்தச் சேற்றிலிருந்து தப்பியது என்பார்கள். பாதிதான் உண்மை. பேராயர் ஓர் அணியின் ஆள் என்ற பேச்சு எழுந்துவிட்டால், அவர் மனைவி நடத்தும் சங்கத்தை மட்டும் யார் நடுநிலை என்று நம்புவார்கள்?

பெரிய சிக்கல் பணத்தில் இருக்கிறது. உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாக்கும் பெண்கள் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். கணக்கில் ஐயம் வந்தால், கேட்க வேண்டியது பேராயரின் மனைவியிடம். கேட்பவர் திருமண்டலப் பள்ளியின் ஆசிரியையாகவோ ஒரு சபை ஊழியரின் மனைவியாகவோ இருந்தால் வாய் திறப்பாரா? பணியிட மாறுதல் யார் கையில் இருக்கிறது?

பேராயரம்மாவுக்கும் இது சுமைதான். சொந்த வேலை உள்ளவர் விடுப்பு எடுத்துக் கூட்டங்களுக்கு அலைகிறார். கணவர் ஓய்வுபெறும் நாளில் அவர் பழகிய அனுபவமும் வீட்டுக்குப் போய்விடுகிறது.

1976-இல் இத்திருச்சபை ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது. 2013-இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார். பேராயரின் துணை என்பதே தகுதி என்றால், மணமான பெண் பேராயர் ஒருவர் வந்தால் அவர் கணவரா பெண்கள் சங்கத்துக்குத் தலைவர்?

இங்கிலாந்தில் 1876-இல் அன்னையர் சங்கத்தைத் தொடங்கிய மேரி சம்னரும் ஒரு குருவானவரின் மனைவிதான். இன்று அதன் உலகத் தலைவர் தேர்தல் வழியாக வருகிறார். 2019-இல் பொறுப்பேற்ற ஷெரான் ஹார்ப்பர் கயானா நாட்டவர்.

பேராயரம்மா புரவலராக இருக்கட்டும், மரியாதைக்கு ஒரு குறையும் வேண்டாம். தலைவியைச் சேகரங்களிலிருந்து வரும் பெண்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கட்டும். விரும்பினால் பேராயரின் மனைவியும் போட்டியிடலாம். இதற்கான தீர்மானத்தைத் திருச்சபையின் தலைமைப் பேரவையான சினாடில் கொண்டுவரப் பெண் பிரதிநிதிகளே முன்வர வேண்டும்.