விடுபட்ட வாரங்கள்: இணையவழித் தொடக்கநிலைப் புள்ளியியல் பாடவிதிகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையவழியில் கற்பிக்கப்படும் தொடக்கநிலைப் புள்ளியியல் பாடத்தின் எதிர்பார்ப்புகளையும் விதிகளையும் ஒரு பனுவலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் வகுக்கும் கற்றல், கற்பித்தல் நெறிகளோடு அவ்விதிகள் ஒப்பிடப்படுகின்றன. பழனி மலைத்தொடரிலுள்ள பள்ளங்கி போன்ற சிற்றூரிலிருந்து பயிலும் மாணவரை முன்னிறுத்திப் பார்க்கும்போது, புள்ளியியலின் அடிப்படை எச்சரிக்கை ஒன்றை அப்பாடத்தின் விதிகளே கைக்கொள்ளவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: இணையவழிக் கல்வி, புள்ளியியல், பாடவிதிகள், நன்னூல், விடுபட்ட தரவு, பள்ளங்கி.

முன்னுரை

பாடத்தின் தொடக்கத்தில் மாணவர்க்கு வழங்கப்படும் விதித்தொகுப்பு ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. எனினும் பாடம் எத்தகையது, கற்பவர் யாது செய்தல் வேண்டும், தேர்ச்சி எவ்வாறு அளக்கப்படும் என்பவற்றை முன்னுரைக்கும் அத்தொகுப்பு, தமிழ் மரபில் பாயிரம் ஆற்றிய பணியையே ஆற்றுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் பவணந்தி முனிவரின் நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியர், பாடம் சொல்லல், மாணாக்கர், பாடம் கேட்டல் ஆகிய ஐந்தின் இயல்பையும் உரைக்கிறது. இவ்வைந்தையும் அளவுகோலாகக் கொள்ளும்போது, இன்றைய விதித்தொகுப்பு எதனை விரித்துரைக்கிறது, எதனைக் கூறாது விடுகிறது என்பது புலனாகும்.

விதிகளின் அமைப்பு

2017 சூலையில் தொடங்கப்பெற்ற ஸ்வயம் தளத்தின் பாடங்கள் காணொலி, மின்பாடம், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்னும் நான்கு கூறுகளைக் கொண்டவை. ஒரு பருவத்தின் பாடங்களுள் 20 விழுக்காடு வரை இத்தளத்தின்வழிப் பயில 2016ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு ஒழுங்குமுறை இடமளித்தது. 2021ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை அவ்வரம்பை 40 விழுக்காடாக உயர்த்தியது. ஆகவே இணையவழிப் பாடம் பட்டத்தின் பகுதியாகிவிட்டது. அதன் விதிகள் பட்டத்தின் விதிகளாகிவிட்டன. பொருளியல், வணிகவியல், உளவியல், கல்வியியல் என எத்துறை மாணவர்க்கும் தேவைப்படும் தொடக்கநிலைப் புள்ளியியலுக்கு இது மிகவும் பொருந்தும்.

இத்தளத்தில் பாடங்களை வழங்கும் என்.பி.டி.இ.எல். பின்பற்றிவரும் மதிப்பீட்டு முறை தெளிவானது. 12 வாரப் பாடத்தில் வாரந்தோறும் ஓர் ஒப்படைப்பு உண்டு. அவற்றுள் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண். கண்காணிப்புடன் நேரில் நடைபெறும் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 எனத் தனித்தனிக் குறைந்த அளவுகளும் உள்ளன. இதனால் ஒப்படைப்பில் 25 பெற்றுத் தேர்வில் 29 பெற்ற மாணவர் 54 மதிப்பெண்ணுடன் சான்றிதழை இழப்பார்; 10, 30 எனப் பெற்றவர் 40 மதிப்பெண்ணுடன் சான்றிதழ் அடைவார். சேர்க்கை கட்டணமின்றி அமைவதும், சான்றிதழின் நம்பகத்தன்மையை நேர்முகத் தேர்வு காப்பதும் இம்முறையின் வலிமைகள்.

கற்றலின் கூறுகள்

கற்றலைப் பின்ன அளவில் பகுத்துக் காட்டும் பகுதி நன்னூலில் உண்டு. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் மாணாக்கர் பெறுவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு நிறைவுறும் என்பது அதன் கருத்து. இணையவழிப் பாடத்தில் முதற்கால் பங்கு காணொலியாகக் கிடைக்கிறது. உடன் பயில்வோர்க்குரிய கலந்துரையாடல் நான்கு கூறுகளுள் ஒன்றாக இடம்பெற்றும் மேற்கண்ட முறையில் மதிப்பெண் பெறுவதில்லை. எடுத்துரைத்தலுக்கு இடமே இல்லை. திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டவர் அதன் பொருளைப் பிறர்க்கு விளக்க இயலுமா என்பதை இவ்விதிகள் வினவுவதில்லை.

மேலும், பாடம் சொல்லுவோர் காலமும் இடமும் நோக்கி, மாணவர் ஏற்கும் திறமறிந்து உரைத்தல் வேண்டும் என நன்னூல் ஆசிரியர்க்கும் கடமை வகுக்கிறது. இணையவழி விதித்தொகுப்பில் மாணவரின் கடமைகள் நாளும் மணியும் குறித்து விரிகின்றன. மாணவர் இருக்கும் இடத்தை நோக்கும் கடமையோ எவர்க்கும் உரித்தாக்கப்படவில்லை.

விடுபட்ட வாரங்கள்

பன்னிரண்டுள் சிறந்த எட்டைக் கொள்ளும் விதி பரிவுடையது. நான்கு வாரங்களைத் தவறவிட்டவரும் முழு மதிப்பெண் பெறலாம். ஆயினும் விடுபடுதல் அனைவர்க்கும் சமவாய்ப்புடன் நேரும் என்னும் எடுகோள் இதில் மறைந்துள்ளது. விடுபட்ட தரவைச் சமவாய்ப்பாக விடுபட்டது, காரணத்தோடு விடுபட்டது எனப் பிரித்தறியாமல் முடிவுக்கு வரலாகாது என்பதைப் புள்ளியியலறிஞர் டொனால்டு ரூபின் 1976இல் முறைப்படுத்தினார்.

ஒரு கற்பனைக் கணக்கு இதனை விளக்கும். நகரத்து மாணவர் ஒருவர் பன்னிரண்டு ஒப்படைப்புகளையும் அளித்து, நான்கில் 60, நான்கில் 70, நான்கில் 80 பெறுகிறார். அவருடைய சராசரி 70. சிறந்த எட்டின் சராசரி 75. கொடைக்கானல் வட்டத்துப் பள்ளங்கியிலிருந்து பயிலும் மாணவர் ஒருவர், மழையால் மின்சாரமும் இணைப்பும் தடைப்பட்டு நான்கு வாரங்களை இழக்கிறார். அளித்த எட்டில் அவர் மூன்றில் 60, இரண்டில் 70, மூன்றில் 80 பெறுகிறார். அவருடைய சராசரியும் 70. ஆயினும் விலக்கிவிடக் குறைந்த மதிப்பெண் எதுவும் அவரிடம் எஞ்சவில்லை. அவருக்குக் கணக்கிடப்படுவதும் 70. திறன் ஒத்த இருவரிடையே 25க்கு 1.25 மதிப்பெண் வேறுபாடு தோன்றுகிறது. அளவில் இது சிறிது. ஆனால் வாய்ப்புப் பிழை இருபுறமும் சாயும். இவ்வேறுபாடோ இழந்தவர்க்கு எதிராகவே சாய்கிறது. அதனைப் புள்ளியியல் முறைப்பிழை என்னும்.

இழப்பு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. தொடக்கநிலைப் புள்ளியியலில் வரைபடமும் சராசரியும் முதலில் வரும். நிகழ்தகவும் கருதுகோள் சோதனையும் பின்னர் வரும். சூலைப் பருவத்தின் இறுதி வாரங்களும் தேர்வும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அமைகின்றன. அவ்வாரங்களை இழப்பவர் பாடத்தின் மையத்தையே இழக்கிறார். தேர்வு மையம் சமவெளி நகரில் அமையுமாயின், காலை 9 மணித் தேர்வுக்கு மலை மாணவர் முதல் நாளே இறங்க வேண்டும். பயணமும் தங்கலும் தேர்வுக் கட்டணத்தின்மேல் சேரும். அவர் தேர்வுக்கு வாராமை விருப்பமின்மையாகவே பதிவாகும்.

மாற்று நெறிகள்

விதிகளைத் தளர்த்துவது இதற்குத் தீர்வன்று. அவற்றைத் துல்லியமாக்குவதே தேவை. முதலாவதாக, ஒப்படைப்பு விடுபட்டதன் காரணத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு வேண்டும். காரணம் அறியாது விலக்குவதும் ஏற்பதும் ஒருங்கே குறையுடையன. இரண்டாவதாக, இணைப்பு இழந்த வாரத்திற்கு ஈடாகக் குறித்த காலத்திற்குள் மாற்று ஒப்படைப்பு அளிக்கலாம். அப்போது தெரிவுக்குரிய பன்னிரண்டும் அனைவர்க்கும் உரியவாகும். மூன்றாவதாக, கல்லூரிகளில் இயங்கும் என்.பி.டி.இ.எல். உள்ளூர்க் கிளைகள் குழுப் பயிற்சியையும் எடுத்துரைத்தலையும் மேற்கொண்டு, கல்லூரியின் அகமதிப்பீட்டில் அவற்றுக்கு இடமளிக்கலாம். 1984இல் நிறுவப்பெற்ற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில் இருப்பது மலைப்பகுதிக்கு நல்வாய்ப்பு.

எடுத்துக்காட்டுகளும் மலையிலேயே உள்ளன. 1899இல் அமைக்கப்பெற்ற கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் நூற்றாண்டு கடந்த சூரியப் பதிவுகளும், மலைப்பூண்டின் விலை ஏற்ற இறக்கமும் சிதறல் அளவைகளைக் கற்பிக்கப் போதுமானவை. மேல்நிலைப் பள்ளிப் புள்ளியியல் பாடநூலின்வழிக் கலைச்சொற்களும் தமிழில் நிலைபெற்றுள்ளன.

முடிவுரை

இணையவழிப் புள்ளியியல் பாடத்தின் விதித்தொகுப்பு மாணாக்கர்க்குரிய நெறியை விரிவாகவும் பாடம் சொல்லலுக்குரிய நெறியைச் சுருக்கமாகவும் கூறும் பாயிரமாக அமைந்துள்ளது. சிறந்த எட்டின் சராசரி என்னும் விதி நன்னோக்குடையதாயினும், விடுபடுதல் சமவாய்ப்பானது என்னும் சோதிக்கப்படாத எடுகோளின்மேல் நிற்கிறது. சராசரியை ஏற்குமுன் தரவு எவ்வாறு கிடைத்தது, எது கிடைக்கவில்லை என வினவுமாறு மாணவரைப் பயிற்றுவது புள்ளியியல். அவ்வினாவைத் தன் மதிப்பெண் பட்டியலிடமும் அப்பாடம் எழுப்புமாயின், பள்ளங்கி மாணவரின் விடுபட்ட வாரங்கள் அவருடைய குறையாகக் கருதப்படாமல், விளக்கப்பட வேண்டிய தரவாகக் கொள்ளப்படும்.