பத்துப் பேரில் சேராதவள்

உல்லாஸ்நகரில் ஏறி மும்பையின் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகிற தமிழர்கள், ஸ்லோ லோக்கலில் அகப்பட்டுக்கொண்ட நாட்களில், கடைசி நிலையத்துக்கு முந்திய நிலையமாக வரும் ‘மஸ்ஜித்’ என்னும் பெயர்ப்பலகையைக் கண்டு, பக்கத்தில் ஏதோ பெரிய பள்ளிவாசல் இருப்பதாக எண்ணிக்கொள்வது இயல்பு. நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்தப் பெயருக்குக் காரணமான மஸ்ஜித் முஸ்லிம்களுடையது அன்று, தங்களுடைய ஜெபாலயமே என்பது பெனே இஸ்ரவேலர் என்னும் மராட்டிய யூதரிடையே வழங்கிவரும் செய்தி. கொங்கணக் கரையோரக் கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்தி ஓய்ந்திருந்தமையால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்று அயலாரால் அழைக்கப்பட்ட அந்தச் சமூகத்தார், நகரத்துக்குக் குடியேறி 1796-ல் எழுப்பிய முதல் ஜெபாலயம் அந்த நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அதன் எபிரேயப் பெயர் ஷாஅர் ஹராஹமீம்; பொருள், இரக்கத்தின் வாசல்.

அதைக் கட்டிய சாமுவேல் ஏசேக்கியல் திவேகர் ஆங்கிலக் கம்பெனிப் படையில் இருந்தவர். மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டார். பெனே இஸ்ரவேலர் மரபில் வழங்கும் கதையின்படி, இவர்கள் இஸ்ரவேலின் மக்கள், குர்ஆனில் குறிக்கப்பட்டவர்கள் என்று எடுத்துரைத்து, அவர்களுடைய உயிருக்காக மன்றாடியவர் திப்புவின் தாயார். கதையின் சரித்திர உண்மையை ஆராய்வது என் நோக்கமன்று. ஒரு பெண் இரந்து பெற்ற உயிருக்கு நன்றியாக எழுந்த ஆலயத்தில், அச்சமூகத்துப் பெண்ணின் பிரார்த்தனைக்கு யூத ஸ்மிருதி அளித்திருக்கும் இடம் எத்தகையது என்பதை ஆராய்வதே நோக்கம்.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்ட நூல் ஒரு பொது விதி கூறுகிறது. இன்னது செய்யாதே என்னும் நிஷேதங்கள், மிகச் சில நீங்கலாக, இருபாலார்க்கும் பொது. இன்னது செய் என்னும் ஏவல்களுள் குறித்த காலத்தோடு பிணைக்கப்படாதவையும் பொது. காலத்தோடு பிணைக்கப்பட்டவை மாத்திரம் ஆணுக்கே உரியவை, பெண்ணுக்கு அவற்றினின்றும் விடுதலை உண்டு. காலையும் மாலையும் உரிய நாழிகைக்குள் ஓதவேண்டிய ‘ஷெமா’ என்னும் வேதவாசகம் இந்த விதியின்படி பெண்மீது கடமையாகாது. அப்படியானால் நாளுக்கு மூன்று வேளை நின்றுகொண்டு செய்யும் பிரார்த்தனையும், அதற்கும் நேரவரையறை உண்டாகையால், பெண்மீது கடமையாகாதென்றே முடிவு செய்ய நேரும். ஆனால் மிஷ்னா அப்படி முடிவு செய்யவில்லை. பிரார்த்தனை பெண்மீதும் கடமை என்கிறது. ஏன் என்று கேட்டு, மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் தரும் விடை ஒரே சொல்லில் அடங்கும்: அது இரக்கத்தை வேண்டுவது. இரக்கம் யாருக்குத்தான் வேண்டாம்? வாசல்நிலையில் பதிக்கும் வேதச் சுருளைப் பற்றிய இடத்திலும், ஆயுள் ஆணுக்கு மட்டுமா வேண்டும், பெண்ணுக்கு வேண்டாமா என்று தல்மூத் இதே தொனியில் கேட்கிறது. மஸ்ஜித் நிலையத்து ஆலயத்தின் பெயரிலுள்ள இரக்கமும் இந்த விடையிலுள்ள இரக்கமும் ஒரே எபிரேயச் சொல்லின் வேறுவேறு வடிவங்களே.

இந்தச் சட்டத்தின் மேன்மை இங்கேதான் இருக்கிறது என்பேன். கடவுளிடம் முறையிடும் தகுதி பெண்ணுக்கு உண்டா என்ற வினாவே அங்கே எழவில்லை. முறையிட வேண்டியது அவள் கடன் என்பதிலிருந்துதான் விவாதம் தொடங்குகிறது. தீட்டு அவளைப் பிரார்த்தனையினின்றும் விலக்குவதாகவும் சட்டம் சொல்லவில்லை. வேதத்தின் சொற்களை எந்தத் தீட்டும் பற்றாது என்பது தல்மூதின் கொள்கை. ஐரோப்பிய யூதரில் சில ஊரார் பிற்காலத்தில் மாதவிலக்கான பெண்ணை ஆலயத்துக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பது உண்மையே. அது வழக்கத்தின் குற்றமேயன்றிச் சட்டத்தின் குற்றமன்று. நம் ஊர்ச் சம்பிரதாயங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

கடமையின் அளவைப் பற்றிப் பண்டிதர்கள் பல நூற்றாண்டுகள் வழக்காடினர். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான மைமோனிதிஸ், நாளுக்கு ஒருமுறை, இன்ன நேரம் இன்ன வாசகம் என்ற கட்டின்றிப் பிரார்த்திப்பதே வேதவிதி என்றும், நேரமும் வாசகமும் பின்னோர் வகுத்தவை என்றும் கொண்டு, அந்த வேதவிதி பெண்ணையும் பிணிக்கும் என்றார். பதினேழாம் நூற்றாண்டுப் போலந்தின் ஆபிரகாம் கோம்பினர், தம் காலத்துப் பெண்கள் விடிந்தெழுந்ததும் ஏதோ நாலு வார்த்தை வேண்டிக்கொண்டு வீட்டு வேலையில் இறங்கிவிடுவதைக் கண்டு, அதுவே போதும் என்பதற்கு மைமோனிதிஸையே ஆதாரமாக்கினார். காலையும் பிற்பகலும் முழுப் பிரார்த்தனையே வேண்டும் என்று வற்புறுத்தியோரும் உளர். தொட்டிலை ஆட்டிக்கொண்டே முணுமுணுத்த நாலு வார்த்தையையும் பிரார்த்தனை என்று ஒப்புக்கொள்ளும் இடம் ஒரு சட்டத்தில் இருப்பது சிறிய குணமன்று. செம்பூரில் இருந்த என் அத்தை, சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே லலிதா ஸஹஸ்ரநாமத்தில் பாதியை முடித்துவிடுவாள். மீதிப் பாதி குக்கர் சத்தத்தில் அடங்கிப்போகும். கோம்பினர் அவளைக் கண்டிருந்தால் கோபித்திருக்கமாட்டார்.

ஆயினும் குற்றங்கள் இல்லாமலில்லை. காலத்தோடு பிணைந்த ஏவல்கள் பெண்ணுக்கில்லை என்ற பொது விதிக்கு விதிவிலக்குகள் எண்ணத்தொலையாதவை. ஓய்வுநாளைப் புனிதமென்று அறிவிக்கும் கித்தூஷ், பஸ்காவின் புளிப்பில்லா அப்பம், ஹனூக்கா விளக்கு, பூரீம் நாளில் எஸ்தரின் வரலாற்றைக் கேட்டல் ஆகிய யாவும் நாள் குறித்தவை. யாவும் பெண்மீதும் கடமை. வெள்ளிக்கிழமை சூரியன் சாயுமுன் ஏற்றவேண்டிய ஓய்வுநாள் விளக்கு, கால நிபந்தனை மிகுந்த ஒன்றாயிருந்தும், முதன்மையாக அவளுக்கே உரியது. மறுபுறம், எந்தக் காலத்தோடும் பிணையாத வேதாத்தியயனம் அவளுக்குக் கடமையில்லை. இத்தகைய பொது விதிகளை நம்பி முடிவுக்கு வராதீர் என்று தல்மூதே எச்சரிக்கிறது. ஆகவே, விதி முந்தியதா வழக்கம் முந்தியதா என்றால், வழக்கமே முந்தியது, விதி அதற்குப் பிந்திப் போர்த்திய போர்வை என்று நினைக்க இடமிருக்கிறது.

விதிக்குச் சொல்லப்பட்ட காரணங்களோ இன்னும் பிந்தியவை. பதினான்காம் நூற்றாண்டில் ஸெவில் நகரத்து அபுதர்ஹாம், மனைவி பிரார்த்தனையில் நிற்கும் வேளையில் கணவன் அழைத்தால் அவள் யாருக்குக் கீழ்ப்படிவாள் என்ற சங்கடத்தைத் தவிர்க்கவே கடவுள் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார் என்றார். இல்லறத்தின் அமைதிக்காகப் பரம்பொருளே ஒதுங்கி நிற்பதாகச் சொல்வதில் ஓர் அழகு உண்டு. ஆனால் கணவனை ஒதுங்கி நிற்கச் சொல்ல அவருக்குத் தோன்றாமற்போனதுதான் வியப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் சாம்சன் ராஃபேல் ஹிர்ஷ் எதிர்த்திசையில் போனார்: பெண்ணின் பக்தி இயற்கையிலேயே ஆழ்ந்தது, ஆணைப்போல் வேளாவேளைக்கு நினைவூட்ட அவளுக்குத் தேவையில்லை என்றார். இது உபசார வார்த்தை. வீட்டின் மகாலட்சுமி என்று சொல்லிச் சொல்லியே சபையின் பின்வரிசையில் உட்காரவைக்கும் கலையில் நாமும் தேர்ந்தவர்களாகையால், ஹிர்ஷின் வாதம் நமக்குப் புதிதாகத் தோன்றாது.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. பிரார்த்தனையின் சில உயர்ந்த பகுதிகளையும், இறந்தோர் நினைவாக ஓதும் ‘கத்தீஷ்’ என்னும் துதியையும் சபையாகக் கூடித்தான் ஓதலாம். சபை என்றால் குறைந்தது பத்துப் பேர், ‘மின்யான்’. அந்தப் பத்துப் பேரும் பருவமெய்திய ஆண்கள். கடமையில்லாதவர் பிறருடைய கடமையை நிறைவேற்றிவைக்க இயலாது என்பதும் மிஷ்னாவின் சட்டம். கடமையிலிருந்தே உரிமை பிறக்கும் ஓர் அமைப்பில், கடமையைத் தள்ளுபடி செய்வது தயை போலத் தோன்றி உரிமையையும் உடன் கொண்டுபோய்விடுகிறது. பெண்ணைச் சுமையினின்றும் விடுவித்த கையே, கணக்கெடுப்பினின்றும் அவளை விடுவித்துவிட்டது.

பத்து என்னும் எண் எங்கிருந்து வந்தது? கானான் தேசத்தை வேவு பார்க்கச் சென்ற பன்னிருவருள், நம்பிக்கையிழந்து துர்ச்செய்தி கொணர்ந்த பதின்மரை எண்ணாகமம் ‘சபை’ என்று குறிக்கிறது. அதிலிருந்து சபைக்குப் பத்து என்று தல்மூத் கணக்கிட்டது. இனி, பிரார்த்திக்கும் முறை எங்கிருந்து வந்தது? சீலோவின் ஆலயத்தில் பிள்ளை வரம் வேண்டி, உதடு மட்டும் அசைய, குரல் எழாமல், நெஞ்சுருகி நின்ற அன்னாளிடமிருந்து. ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருப்பதாகவே கருதிவிட்டான், அவளோ மறுத்துரைத்தாள். யூதன் இன்றளவும் மெல்லிய குரலில் நின்று பிரார்த்திக்கும் முறைக்கு எத்தனையோ விதிகளை அந்தப் பெண்ணின் நிலையிலிருந்தே தல்மூத் வருவித்திருக்கிறது. நம்பிக்கையற்ற ஆண்களிடமிருந்து எண்ணிக்கையையும், நம்பிக்கை மிக்க பெண்ணிடமிருந்து முறையையும் எடுத்துக்கொண்டு, முறையைத் தந்தவளை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்ட இந்த ஏற்பாட்டில் நியாயம் எங்கே இருக்கிறதென்று எனக்குப் புலப்படவில்லை.

இந்த அநியாயத்தை முதலில் உணர்ந்து செயற்பட்டவர்களுள் ஒருவர் மும்பை மாநகரிலேயே இருந்தார். டாக்டர் ஜெரூஷா ஜிராத், பெனே இஸ்ரவேல் பெண்மணி. லண்டனில் மகப்பேற்று மருத்துவம் பயின்று திரும்பி, காமா மருத்துவமனையை 1928 முதல் 1947 வரை தலைமையேற்று நடத்தியவர். 1966-ல் பத்மஸ்ரீ பெற்றவர். லண்டனில் அவர் பழகிய லில்லி மாண்டேகு, தாராளக் கொள்கை யூதத்தை இங்கிலாந்தில் நிறுவியவர்களுள் ஒருவர், ஆலயத்தில் பிரசங்கம் செய்த பெண். ஜிராத் 1925-ல் மும்பையில் யூத சமய ஐக்கியத்தைத் தொடங்கினார். சுகப்பிரசவத்துக்காக இரவெல்லாம் விழித்திருந்த அவர், அன்னாளின் விண்ணப்பம் எத்தகையது என்பதைப் பண்டிதர்களைவிட நன்றாக அறிந்திருக்கக் கூடும். ஆனாலும் அவருடைய இயக்கம் சிறுபான்மையாகவே நின்றது. 1879-ல் தாணாவில் எழுந்த ஷாஅர் ஹஷாமாயீம் முதலிய பெரும்பான்மை ஆலயங்கள் பழைய மரபையே பற்றி நின்றன. உல்லாஸ்நகர்க்காரர்கள் தினமும் கடந்துசெல்லும் ஊர்தான் தாணா.

மாற்ற வேண்டுமாயின் எவ்வாறு? அமெரிக்காவின் நடுநிலை யூதப் பிரிவினருடைய சட்டக்குழு, 2014-ல், எல்லா ஏவல்களும் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமே என்று ஒரு தீர்ப்பை ஏற்றது. சமத்துவம் என்ற வகையில் அது நேர்மையானது. ஆயினும், நேற்றுவரை குற்றமற்றவளாக இருந்த, மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் தாயை, இன்று காலைப் பிரார்த்தனையைத் தவறவிட்டவள் என்று ஏட்டில் எழுதிவிடுகிறதே என்று என் மனம் அதற்கு முழுதும் இசையவில்லை. அத்தீர்ப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதே பிரிவைச் சேர்ந்த ஜோயல் ராத் வேறொரு வழி சொன்னார்: கடமையைத் தானாக மேற்கொண்ட பெண் கடமைப்பட்டவளே, ஆதலால் அவளைப் பத்துப் பேரில் எண்ணலாம். இதை விளங்கிக்கொள்ளத் தமிழனுக்குத் தல்மூத் வேண்டாம். பழநிக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொள்ளும்படி யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நேர்ந்துகொண்டபின் அது கடன். நம் பாஷையே அதை நேர்த்திக்கடன் என்கிறது. இயலாதவளுக்கு விடுதலை, விரும்பி ஏற்றவளுக்கு முழு ஸ்தானம் என்பதே பழைய சட்டத்தின் தயையைக் காத்து அதன் அநீதியைக் களையும் வழி என்பது என் தீர்மானம். தாராவியின் தமிழ் முஸ்லிம் பெண்ணுக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை கடமையன்று. ஆனால் ஐவேளைத் தொழுகை அவள்மீதும் கடமையே. ஆக, விடுவிப்பின் எல்லையை எங்கே வரைவது என்பது மதத்துக்கு மதம் வேறாகும் ஏற்பாடு. தெய்வமே கிழித்த கோடன்று.

எந்தச் சீர்திருத்தமும் பேசாமலே, பழைய மரபுக்குள்ளேயே பெண்ணுக்கு இடம் விரித்த ஊர் ஒன்றும் நம் தேசத்தில் உண்டு. கொச்சி யூதப் பெண்கள் எபிரேயம் கற்றார்கள்; பெண்குரலை ஆண் கேட்கலாகாது என்னும் தடையை அவ்வூரார் பொருட்படுத்தாமையால் ஆண்களோடு சேர்ந்து எபிரேயப் பாடல் பாடினார்கள்; மலையாளத்தில் தாங்கள் பாடிய யூதப் பாட்டுகளைக் கையேடுகளில் எழுதித் தலைமுறைக்குத் தலைமுறை காத்தார்கள். கொச்சி ஜெபாலயங்களில் கீழே ஒன்றும், மாடியில் பெண்கள் பகுதியை அடுத்து ஒன்றுமாக இரண்டு மேடைகள் உண்டு. வேதம் மேல்மேடையிலிருந்து ஓதப்படும்போது, பழைய மரபின் யூதப் பெண் வேறிடங்களில் எளிதில் பெறாத அண்மையில் கொச்சிப் பெண் அதைக் கேட்டாள். பத்துப் பேர் கணக்கை மட்டும் கொச்சியும் மாற்றவில்லை. 1948-க்குப் பிறகு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தோர் போக எஞ்சிய சிலரிடையே, 1568-ல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயத்தில், பெண்கள் வந்து அமர்ந்திருந்தும், பத்து ஆண்கள் தேறாமையால், ஊர் பார்க்க வரும் யூதப் பயணிகளை எதிர்பார்த்தே சபைப் பிரார்த்தனை நடக்கலாயிற்று.