நான்கு என்ஜினும் நம் பொறுப்பு: சிமுலேட்டரில் டிசி-6

கம்ப்யூட்டரில் போயிங், ஏர்பஸ் ஓட்டிப் பழகியவர்களுக்கு டக்ளஸ் டிசி-6 புது அனுபவம். இன்றைய ஜெட்டில் சுவிட்சைத் திருப்பினால் என்ஜின் தானாகக் கிளம்பிவிடும். 1946-ல் முதன்முதலில் பறந்த டிசி-6-ல் ஒவ்வொன்றையும் ஆள் பார்த்துத்தான் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக பிஎம்டிஜி நிறுவனம் 2021-ல் வெளியிட்ட டிசி-6, அந்த வேலையைக் குறைக்காமல் தருகிறது.

ஓட்டிப் பார்க்க நான் தேர்ந்தெடுத்த இடம் அலாஸ்கா. சாலையே இல்லாத ஊர்களுக்குச் சரக்கும் எரிபொருளும் சுமந்து டிசி-6 விமானங்கள் பல பத்தாண்டுகள் பறந்தது ஃபேர்பேங்க்ஸிலிருந்துதான். அங்கிருந்து தெற்கே ஆங்கரேஜ் வரை சுமார் ஒரு மணி நேரப் பயணம்.

கிளப்புவது

டிசி-6-ன் பிராட் அண்ட் விட்னி ஆர்-2800 என்ஜினில் 18 சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக வட்டமாக நிற்கின்றன. நின்றுகிடந்த என்ஜினின் அடிச் சிலிண்டர்களில் ஆயில் தேங்கியிருக்கலாம். அதனால் ஸ்டார்ட்டரை அழுத்திப் புரொபெல்லரைச் சில சுற்று சும்மா சுழலவிட்டு, பிறகுதான் இக்னிஷன். பிரைமரை அழுத்தியதும் இரண்டு மூன்று சிலிண்டர்கள் மட்டும் பற்றி இருமுகின்றன, வெண்புகை கக்குகிறது, மிக்ஸ்சர் லீவரை முன்னே தள்ளியதும் மற்றவையும் சேர்ந்துகொள்கின்றன. ஒலிப்பதிவு அபாரம். ஹெட்போனில் கேளுங்கள்.

பறப்பது

அசலில் இரு பைலட்டுகளுடன் ஃப்ளைட் என்ஜினியரும் இருப்பார். வீட்டில் தனியாக ஓட்டுபவருக்காக அவர் வேலையைத் தானே செய்யும் வசதி இருக்கிறது. செக்லிஸ்ட், என்ஜின் பவர், குளிர்காற்று மூடிகள் எல்லாவற்றையும் அதுவே கவனித்துக்கொள்ளும். பழகும்வரை வைத்துக்கொள்ளலாம், பழகியபின் அணைத்துவிடுங்கள். சிலிண்டர் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து மூடிகளைத் திறந்து மூடும்போதுதான் இந்த விமானம் பிடிபடுகிறது. ஆட்டோபைலட் உயரத்தைத் தக்கவைக்கும். ஆனால் எந்த உயரத்தில் நிற்பது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க முடியாது. நாம்தான் சமன்செய்ய வேண்டும்.

இறங்குவது

உண்மையான பரீட்சை இதுதான். ஜெட்டைப் போல த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டுச் சறுக்க முடியாது. அப்படி இழுத்தால் காற்று புரொபெல்லரைச் சுழற்ற, புரொபெல்லர் என்ஜினை இழுக்கத் தொடங்கும். பேரிங்குகளுக்கு அது ஆகாது. ஒவ்வொரு 100 ஆர்பிஎம்முக்கும் குறைந்தது ஒரு இன்ச் மேனிஃபோல்டு பிரஷர் என்பது பழைய பைலட்டுகளின் கணக்கு: 2,000 ஆர்பிஎம் என்றால் 20 இன்ச்சுக்குக் கீழே போகக் கூடாது. எனவே 14,000 அடியிலிருந்து நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்க, கிட்டத்தட்ட அரை மணி நேரத்துக்கு முன்பே யோசித்தாக வேண்டும். வழியில் தெரியும் தெனாலி சிகரத்தை ரசித்துக்கொண்டே இந்தக் கணக்கையும் போட வேண்டியிருக்கிறது.

வாங்கலாமா?

கீபோர்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது சரிவராது. ஜாய்ஸ்டிக்கும் தனித்தனி லீவர்கள் உள்ள த்ராட்டிலும் அவசியம். கையேட்டைப் படிக்கப் பொறுமையும் வேண்டும். அரை மணி நேரம் ஜாலியாகப் பறந்தால் போதும் என்பவர்கள், இதே சிமுலேட்டரின் 40-ஆம் ஆண்டுப் பதிப்பில் இலவசமாகக் கிடைக்கும் டிசி-3-ல் தொடங்கலாம். என்ஜின் எப்படி உழைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் தயங்காமல் டிசி-6-ஐ வாங்கலாம். இவ்வளவு கற்றுத்தரும் விமானத்தை நான் வேறெந்த சிமுலேட்டரிலும் ஓட்டியதில்லை.