அச்சமில்லாப் பேறும் வலியில்லாப் பேறும்

(கிராண்ட்லி டிக்-ரீட் எழுதிய ‘சைல்டுபர்த் வித்தவுட் ஃபியர்’ என்னும் நூல் குறித்து)

நிறைமாதக் கர்ப்பிணியிடம் ‘பயப்படாமல் இருந்தால் வலிக்காது’ என்று சொல்லாத உறவினர் அரிது. ஆறுதலுக்காகச் சொல்லும் வரையில் அச்சொல்லால் தீங்கில்லை. ஆனால் அதையே ஒரு மருத்துவர் அறிவியல் கொள்கையாக எழுதினார். வலிநீக்கும் மருந்தின்றிக் குழந்தை பெற விரும்பும் பெண்கள் அவருடைய நூலை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். எனவே அதைச் சோதித்துப் பார்ப்பது நம் கடமையாகிறது. என் துறை மருத்துவம் அன்று, இயற்பியல். ஆயினும் ஒரு கொள்கை எதை அளந்தது, எப்படி அளந்தது என்று கேட்கும் உரிமை எல்லாத் துறையினருக்கும் உண்டு.

டிக்-ரீட் (1890–1959) ஆங்கிலேய மருத்துவர். தம் கருத்தை முதலில் 1933இல் ‘நேச்சுரல் சைல்டுபர்த்’ என்னும் சிறு நூலாக வெளியிட்டார். 1942இல் அதை விரித்து எழுதினார். அந்த விரிவான நூலே 1944இல் அமெரிக்காவில் ‘அச்சமில்லாப் பேறு’ என்று பொருள்படும் பெயரில் வெளிவந்து புகழ்பெற்றது.

நூலின் வித்து ஒரு நிகழ்ச்சி. டிக்-ரீட் இளம் மருத்துவராக இருந்தபோது, லண்டனில் ஏழைகள் வாழ்ந்த ஒயிட்சாப்பல் பகுதியில் ஒரு பெண்ணுக்குப் பேறு பார்க்கச் சென்றார். அவர் நீட்டிய குளோரோஃபார்மை அப்பெண் மறுத்துவிட்டாள். குழந்தை அமைதியாகப் பிறந்தது. பின்னர்க் காரணம் கேட்டபோது, தனக்கு வலிக்கவில்லை என்றும், வலிக்க வேண்டிய ஒன்றும் அன்றே என்றும் அவள் சொன்னாளாம். இதிலிருந்து டிக்-ரீட் ஒரு கொள்கையை வளர்த்தெடுத்தார். அச்சம் உடலை இறுக்குகிறது. இறுகிய கருப்பை வாய் திறக்க மறுக்கிறது. அந்த எதிர்ப்பே வலி. வலியோ அச்சத்தை மேலும் வளர்க்கிறது. அச்சத்தை நீக்கினால் இச்சுழல் அறுபடும் என்பது அவர் முடிவு.

நூலுக்குரிய நியாயத்தை முதலில் வழங்கிவிடுவோம். அக்காலத்தில் பல மருத்துவமனைகளில் ‘அந்தித் துயில்’ என்ற முறை வழக்கில் இருந்தது. மார்ஃபினும் ஸ்கோபாலமினும் கலந்து செலுத்துவார்கள். அது வலியை முழுவதும் நீக்கவில்லை. வலித்த நினைவைத்தான் அழித்தது. நிலை மறந்து புரளும் தாய்மார்களைக் கட்டிலோடு கட்டிவைத்ததும் உண்டு. அத்தகைய காலத்தில், தாயிடம் பேசுங்கள், நடப்பதை விளக்குங்கள், தனியே விட்டுவிடாதீர்கள் என்று எழுதியவர் டிக்-ரீட். கேட்கும் தாய்க்கு மருந்தை மறுக்கவும் அவர் சொல்லவில்லை. பேற்றைத் தாயின் செயலாகப் பார்க்கச் சொன்ன அப்பக்கங்கள் இன்றும் படிக்கத் தக்கவை.

குறை, அவர் கொள்கையில் இருக்கிறது. கருப்பைச் சுருக்கம் உச்சத்தை எட்டும்போது, உள்ளே அழுத்தம் ஓய்வு நிலையைவிட ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் பாதரச அளவு கூடுகிறது. நீராக எண்ணினால் 68 சென்டிமீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம். இந்த அழுத்தம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை, மணிக்கணக்கில், குழந்தையின் தலையைக் கருப்பை வாயின் மேல் தள்ளுகிறது. அவ்வாய் 10 சென்டிமீட்டர் வரை விரிய வேண்டும். அத்தனை விரிவை நரம்புகள் மூளைக்கு அறிவிக்காமல் இருந்தால்தான் வியப்பு! மேலும், டிக்-ரீட் எண்ணியதுபோல் கருப்பை வாய் பெரும்பாலும் வளையத் தசையால் ஆனதன்று. அதில் மிகுதியாக இருப்பது கொலாஜன் என்னும் நாரிழை. அது பேறு நெருங்கும்போது வேதி மாற்றத்தால் மென்மையடைகிறது. மனம் தளர்ந்ததும் முடிச்சு அவிழ்வது போல் அது அவிழ்வதில்லை.

அடுத்து, சான்று. கனடா நாட்டு உளவியல் அறிஞர் ரொனால்டு மெல்ஸாக், வலியைச் சொற்களால் அளக்கும் வினாத்தாள் ஒன்றை 1975இல் வெளியிட்டார். அதைக் கொண்டு பேற்றுவலியையும் அளந்து 1981இல் முடிவுகளைத் தந்தார். முதல் குழந்தை பெறுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வலி குறைவு. பத்தில் அறுவருக்கு அது கடுமையானது அல்லது மிகக் கடுமையானது. பயிற்சி பெற்ற தாய்மார்களுக்கு வலி ஓரளவு குறைந்தது உண்மை, மறைந்துவிடவில்லை. வலியில்லாப் பேறு என்பதை ஒரு புனைகதை என்றே 1984இல் அவர் ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டார். இப்போது ஒயிட்சாப்பல் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் சொன்னது பொய்யாக இருக்கத் தேவையில்லை. அந்தப் பத்தில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எத்திசையிலும் கோடு வரையலாம் என்பது உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய குறை, இக்கொள்கை தோற்கவே முடியாதது என்பதாகும். வலி குறைந்த தாய் கொள்கைக்குச் சான்றாகிறாள். வலியில் துடித்த தாயோ, அச்சத்தை முழுவதும் விடாதவள் ஆகிவிடுகிறாள். ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த மின்னோட்டம் வராதபோது, ‘கம்பிக்கு நம்பிக்கை போதவில்லை’ என்று எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவோமா?

‘நாகரிகம் அடையாத’ மக்களின் பெண்கள் எளிதாகப் பெறுகிறார்கள் என்று நூல் கூறுவதும் பொருந்தாது. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் 1974இல் தொடங்கிய ஃபிஸ்டுலா மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். சிற்றூர்களில், மருத்துவ உதவி எட்டாமல், நாள்கணக்கில் பேற்றுவலியில் கிடந்து சிறுநீர்ப்பை புண்ணான பெண்களுக்காகவே அது எழுந்தது. அவர்களைத் துன்புறுத்தியது நாகரிகமும் அன்று, அச்சமும் அன்று. வழி அடைபட்டதே காரணம்.

நான் கருவுற்றிருந்தபோது இந்நூலைப் படித்தேன். என் மகள் மருத்துவமனையில், வலிநீக்கும் மருந்தின்றியே பிறந்தாள். மூச்சுப் பயிற்சி உதவியது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஏற்றமும் உச்சமும் இறக்கமும் உண்டு என்ற அறிவு அதைவிட உதவியது. ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும் என்று தெரிந்த வலியைத் தாங்குவது, முடிவு தெரியாத வலியைத் தாங்குவதைக் காட்டிலும் எளிது. அச்சம் குறைந்தது, வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதுவும் ஒரே ஓர் அளவீடுதான். இதை வைத்தும் விதி எழுதக் கூடாது.

அப்படியானால் ஆயத்தமே வீணா? இல்லை. அளந்து பார்த்து உறுதி செய்யப்பட்டவை சில உண்டு. 1980இல் வெளியான ஓர் ஆய்வு குவாதமாலா நாட்டில் நடந்தது. முதற்பேற்றுக்கு வந்த தாயருள் ஒரு பிரிவினருக்கு, முன்பின் அறியாத, மருத்துவப் பயிற்சியற்ற ஒரு பெண் துணையிருந்தாள். முதுகை நீவினாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவே. சிக்கலின்றிப் பெற்றவர்களை மட்டும் ஒப்பிட்டபோது, துணையில்லாதவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்தது முதல் ஏறத்தாழ 19 மணி நேரம் ஆயிற்று. துணையோடு இருந்தவர்களுக்கு 9 மணிக்கும் குறைவு. ஆய்வு சிறியது, பிரிவுக்கு 20 பேர்தான். ஆயினும் 2017இல் 17 நாடுகளின் 26 ஆய்வுகளை, 15,000க்கு மேற்பட்ட பெண்களின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்தபோதும் இதே திசைதான் தெரிந்தது. தொடர்ந்து துணையிருந்தால் பேற்று நேரமும் சிசேரியனும் குறைகின்றன. இந்திய அரசும் 2016இல் அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணைக்கு இசைவளித்தது.

நடப்பதும் நிமிர்ந்திருப்பதும் முதற்கட்டத்தைச் சுருக்குகின்றன. மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை, வயிற்றின் பின்புறம் ஓடும் பெருஞ்சிரையை அழுத்தும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் துணை, நடமாட்டம், மூச்சுப் பயிற்சி எல்லாம் இடம்பெறுகின்றன. வலிநீக்கம் கேட்கும் நலமான தாய்க்கு எபிடியூரல் ஊசி தரலாம் என்பதும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் பகையில்லை.

‘மருந்தில்லா’ என்ற சொல்லையும் வாசகர்கள் சரியாகப் பொருள்கொள்ள வேண்டும். அது வலிநீக்கும் மருந்தை மட்டுமே குறிக்கும். குழந்தை பிறந்தவுடன் இரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியை மறுக்க அது காரணமாகாது. டிக்-ரீட் முதல் நூலை எழுதியபோது இங்கிலாந்தில் 1,000 பேறுகளுக்கு நான்குக்கு மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தனர். 1930களின் பிற்பகுதியில் அந்த எண் சரியத் தொடங்கியதற்கு, பேறுகாலக் காய்ச்சலை அடக்கிய சல்ஃபா மருந்துகள் முக்கியக் காரணம். 2018இல் திருப்பூரில், இணையக் காணொளிகளின் துணையோடு வீட்டிலேயே பேறு பார்த்து, இரத்தப்போக்கால் ஓர் இளந்தாய் இறந்த செய்தியை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் நாட்டில் இந்நூலைப் படிக்கும்போது இன்னொன்றையும் எண்ண வேண்டும். மேல்நாட்டுப் பெண்ணுக்கு மருந்தில்லாப் பேறு ஒரு தேர்வு. நம் பெண்கள் பலருக்கு அது தேர்வன்று. எபிடியூரல் கிடைப்பதில்லை, கேட்கலாம் என்பதும் தெரிவதில்லை. நம் ஊர்களில் ‘வலிக்கு ஊசி’ என்றால் வலியை வரவழைக்கும் ஊசி என்றுதான் பொருள்! இந்நிலையில், வலி அச்சத்தின் விளைவு என்ற கொள்கை பேற்றறைக்குள் நுழைந்தால், கத்துகிறாயே என்று அதட்டுவோருக்கு அது அறிவியல் துணையாகிவிடும். வலியோடு பழியையும் தாய் சுமக்க நேரும்.

ஆகவே இந்நூலைப் படியுங்கள். பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேறு எப்படி நடக்கிறது என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். உடனிருக்கப் போவது யார் என்று மருத்துவமனையில் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். மூச்சைப் பழகுங்கள். வலி தாங்கும் அளவைக் கடந்தால் மருந்து கேளுங்கள், கேட்பது தோல்வியன்று. அச்சத்தை நீக்குவது நல்ல மருத்துவம். ஆனால் அச்சம் நீங்கிய பின்னும் வலிக்கும் தாயை நம்புவது அதனினும் நல்ல மருத்துவம்.